பூவைப் பறிக்காதீர், சாம்பலைக் கொட்டலாம்

பூங்காவுக்குப் போகிற தமிழனை அரசாங்கம் நம்புவதில்லை. வாசலிலேயே பையைத் திறக்கச் சொல்கிறது. முறுக்குப் பாக்கெட்டைப் பிரித்துக் காகிதத்தில் கொட்டச் சொல்கிறது. தண்ணீர் பாட்டிலுக்கு ஸ்டிக்கர் ஒட்டி டெபாசிட் வாங்குகிறது. திரும்பும்போது பாட்டிலைக் காட்டினால்தான் காசு. உள்ளே போனால் பலகைகள். பூவைப் பறிக்காதே. விலங்குக்குத் தீனி போடாதே. நெருப்பு மூட்டாதே. பாதையை விட்டு விலகாதே. குப்பை போடாதே, போட்டால் அபராதம்.

நல்ல விதிகள். ஒன்றைக்கூடக் குறை சொல்ல முடியாது. காட்டுக்குள் போகிறவன் வந்த சுவடு தெரியாமல் திரும்ப வேண்டும். கிண்டியில் புள்ளிமானுக்குச் சிப்ஸ் நீட்டுகிற பெரிய மனிதரை வாட்ச்மேன் அதட்டினால் எனக்கும் சந்தோஷம்தான்.

ஒரே ஒரு சந்தேகம். இந்தப் பலகைகள் ஏன் எண்ணூர் வரை வரவில்லை? ஏற்றி வந்த லாரிக்குத் தண்டையார்பேட்டை எண்ணெய்க் கிடங்குகளைத் தாண்டும்போது டீசல் தீர்ந்துவிட்டதா?

எண்ணூரில் ஏது காடு என்று சிரிப்பவர்களுக்காக: பூண்டிப் பக்கமிருந்து வரும் கொசஸ்தலை ஆறு, பக்கிங்ஹாம் கால்வாயோடு சேர்ந்து எண்ணூரில்தான் கடலைத் தொடுகிறது. ஆறும் கடலும் கலக்கிற உப்பங்கழியில் நிற்பவை அலையாத்தி மரங்கள். சேற்றுக்கு மேலே மூச்சுவேர்கள். வேருக்கடியில் இறால் குஞ்சும் நண்டும். திட்டுகளில் கூழைக்கடா, பூநாரை. புயல் வந்தால் முதல் அடியை வாங்குவது இந்த மரம். வெள்ளம் வந்தால் தண்ணீரை உள்வாங்கிக்கொள்வது இந்தச் சேறு. மதராஸ் வெயில் தாங்காத வெள்ளைக்காரத் துரைமார் அந்தக் காலத்தில் ஓய்வெடுக்க வந்த ஊர் இது. படகு விட்டார்கள், மீன் தின்றார்கள், காற்று வாங்கினார்கள். சென்னைக்கு இயற்கைப் பூங்கா என்று ஒன்று தானாகவே அமைந்திருந்தது என்றால் அது இதுதான். டிக்கெட் கிடையாது. வேலி கிடையாது. திறப்பு விழாக் கல்வெட்டும் கிடையாது. அதுதான் அது செய்த குற்றம்.

தெற்கே பாருங்கள். கிண்டி தேசியப் பூங்கா, 2.7 சதுர கிலோமீட்டர், 1978-லிருந்து சட்டப் பாதுகாப்பு, பக்கத்து வீடு ஆளுநர் மாளிகை. அதை ஒட்டிய சிறுவர் பூங்காவை 30 கோடி ரூபாயில் புதுப்பித்து 2024-ல் திறந்தார்கள். அடையாற்றில் 58 ஏக்கரில் தொல்காப்பியப் பூங்கா, 2011. கதீட்ரல் சாலையில் செம்மொழிப் பூங்கா, 2010. கிண்டி ரேஸ் கோர்ஸின் 160 ஏக்கரை 2024-ல் அரசு கையகப்படுத்தியபோது அதில் 118 ஏக்கர் சுற்றுச்சூழல் பூங்காவுக்கு என்றார்கள். குதிரை ஓடிய இடத்தில் குழந்தை ஓடட்டும். வாழ்த்துகள். பொறாமை இல்லை. கொஞ்சம் வயிற்றெரிச்சல் மட்டும்.

வடக்கிலும் பூங்கா உண்டு, பொய் சொல்லக்கூடாது. மாதவரத்தில் ஒரு தாவரவியல் பூங்கா இருக்கிறது. ராயபுரத்தில் ராபின்சன் பூங்கா இருக்கிறது. 1949 செப்டம்பரில், கொட்டும் மழையில், திராவிட முன்னேற்றக் கழகத்தின் முதல் பொதுக்கூட்டத்தை அண்ணா அங்கேதான் நடத்தினார். 1967-லிருந்து அரை நூற்றாண்டுக்கு மேல் கோட்டையில் மாறி மாறி உட்கார்ந்த இரண்டு கட்சிகளுக்கும் பூர்வீகம் அந்தப் பூங்காதான். பிறந்த வீட்டுக்கு அவர்கள் என்ன சீர் செய்தார்கள் என்று தெரிந்துகொள்ள, ராயபுரத்திலிருந்து எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஒரு மணி நேரம் நின்று பார்க்கலாம். நகர வழி இருக்காது. யோசிக்க நேரம் இருக்கும்.

இன்னொரு பூங்காக் கதையும் உண்டு. 1859 வாக்கில் கவர்னர் டிரெவெல்யன், இன்றைய சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி 116 ஏக்கரில் 'மக்கள் பூங்கா' போட்டார். குளங்கள், மரங்கள், பிறகு மிருகக்காட்சிசாலை. அந்த மண்ணில்தான் விக்டோரியா மண்டபம் எழுந்தது, மூர் மார்க்கெட் வந்தது, ரிப்பன் மாளிகை நின்றது, நேரு ஸ்டேடியம் விரிந்தது. மக்கள் பூங்காவில் முதலில் பூங்கா போனது, பிறகு மக்கள். மிருகங்களுக்கு மட்டும் விமோசனம் கிடைத்தது. நகரத்து நடுவில் அவற்றுக்கு மூச்சு முட்டுகிறது என்று கண்டுபிடித்து, 1985-ல் வண்டலூரில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் காடு ஒதுக்கிக் குடியமர்த்தினார்கள். நியாயமான காரியம். திருவொற்றியூர்க்காரனுக்கு மூச்சு முட்டுகிறது என்பதை மட்டும் இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

இத்தனைக்கும் அது ரகசியமில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-ல் நாடு முழுக்கத் தொழிற்பேட்டைகளுக்கு மாசு மதிப்பெண் போட்டது. 70-க்கு மேல் போனால் 'கடும் மாசு'. எங்கள் பக்கத்து மணலி வாங்கியது 76.32. எங்கள் பிள்ளைகள் பரீட்சையில் அந்த மார்க் எடுத்தால் தெருவுக்கே சாக்லேட் கொடுத்திருப்போம்.

சரி, பலகைக்கு வருவோம். குப்பை போடாதே.

எண்ணூரைச் சுற்றி மின் நிலையங்கள். 1970-ல் தொடங்கிய எண்ணூர் அனல் மின் நிலையம் 450 மெகாவாட், 2017-ல் மூடினார்கள். அதற்குள் அத்திப்பட்டில் வட சென்னை அனல் மின் நிலையம் வந்துவிட்டது: முதல் நிலை 630, இரண்டாம் நிலை 1,200, பின்னர் மூன்றாம் நிலை 800. பக்கத்தில் வல்லூர், 1,500. கூட்டினால் 4,000 மெகாவாட்டைத் தாண்டும். அண்ணா நகரில் ஏசி ஓடுவதற்கும், கிண்டிச் சிறுவர் பூங்காவில் விளக்கு எரிவதற்கும் இங்கே நிலக்கரி எரிய வேண்டும். நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கு சாம்பல். அதைத் தண்ணீரில் குழைத்து, குழாய் வழியாகக் கழிமுகத்தைத் தாண்டி, செப்பாக்கம் பக்கம் இருக்கிற சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய் ஓட்டை. வருடக்கணக்காக ஓட்டை. வழியெல்லாம் ஆற்றில் சாம்பல்.

கழியில் இறங்கிக் கையால் தடவியே இறால் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். வலை வாங்க வசதி இல்லாதவர்கள். ஆற்றின் தரையை விரல்நுனியால் அறிந்தவர்கள். அவர்கள் விரலில் இப்போது சிக்குவது சிமெண்ட் நிறத்தில் ஒரு குழம்பு. கால் வைத்தால் முழங்கால் வரை இறங்குகிறது. படகு ஓட்ட ஆழம் இல்லை. மேலிருந்து இறங்குவது சாம்பல், பக்கத்தில் வந்து விழுவது மின் நிலையத்தின் வெந்நீர். ஒன்று, மீன் வேறு ஊர் பார்க்கிறது; அல்லது குழம்பு வைக்காமலே வேகிறது.

பாட்டிலுக்கு ஸ்டிக்கர் ஒட்டிய அரசு இந்தக் குழாய்க்கு என்ன ஒட்டியது? சாம்பலைச் செங்கல், சிமெண்ட் என்று உபயோகித்துத் தீர்க்க வேண்டும் என 1999-ல் மத்திய அரசு அறிவிப்பு வெளியிட்டது. 2003-ல் திருத்தினார்கள். 2009-ல் திருத்தினார்கள். 2016-ல் திருத்தினார்கள். 2021-ன் கடைசி நாளில் புதிதாக ஓர் அறிவிப்பே போட்டார்கள். பிஸ்கட் கவரைக் கீழே போட்ட பையனுக்கு அந்த நிமிடமே அபராதம். சாம்பலைக் கொட்டிய நிர்வாகத்துக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் அவகாசம். மீனவர்கள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். ஆய்வுக் குழு, அறிக்கை, வாய்தா. 2022-ல் தென்மண்டல அமர்வு தீர்ப்புச் சொன்னது: சாம்பலை அள்ளு, கழிமுகத்தை மீட்டெடு. ஆற்றில் கொட்டிய சாம்பலை அள்ள வேண்டும் என்பதற்கு நீதிமன்றம் தேவைப்படுகிற ஊரில்தான், நாம் மான் பூங்காவில் 'மௌனம் காக்கவும்' பலகையைப் படித்துத் தலையாட்டுகிறோம்.

நடுவில் ஒரு சிரிப்பு. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம். எண்ணூர்க் குப்பத்துப் பெண் மஞ்சப்பை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போகிறாள். மஞ்சப்பையில் மீன் வாங்குகிறாள். மீனில் என்ன இருக்கிறது என்று கேட்கக்கூடாது. பை சுத்தமாக இருக்கிறது.

ஜூன் 5 வந்தால் இன்னும் தமாஷ். உலகச் சுற்றுச்சூழல் தினம். தொழிற்சாலை வாசலில் ஷாமியானா. ஒரு மரக்கன்றுக்குப் பதினொரு கை. பச்சைக் கலர் டீ ஷர்ட். பூவாளியில் தண்ணீர் ஊற்றுகிற போட்டோ. பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளை வெயிலில் நடத்திக் கூட்டிவந்து, 'இயற்கையைக் காப்போம்' என்று உறுதிமொழி வாங்குகிறார்கள். ஐந்தாம் வகுப்புக் குழந்தை கை நீட்டிச் சத்தியம் செய்கிறது. புகைபோக்கி யாருக்கும் சத்தியம் செய்யவில்லை.

சத்தியம் என்றதும் திருவொற்றியூர் ஞாபகம் வருகிறது. தியாகராசர் கோயில் தலமரமான மகிழ மரத்தடியில்தான், உன்னைப் பிரியேன் என்று சங்கிலியாருக்குச் சுந்தரர் சத்தியம் செய்தார். மீறி ஊர் எல்லையைத் தாண்டினார். கண் போயிற்று. அன்றைய திருவொற்றியூரில் வாக்குத் தவறியவனுக்குக் கண் போனது. இன்று வாக்குக் கொடுத்தவர் சுகமாக இருக்கிறார். நம்பியவனுக்குக் கண் எரிகிறது. ஈசன் கணக்கை மாற்றிக்கொண்டாரா, இல்லை அவருக்கும் சாம்பல் போதும் என்றாகிவிட்டதா தெரியவில்லை.

அடுத்த பலகை. நெருப்பு மூட்டாதே.

2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ. மலையேறப் போனவர்களில் 23 பேர் செத்தார்கள். அதே ஆண்டு மலையேற்றத்துக்கு விதிமுறை வந்தது: அனுமதி, வழிகாட்டி, பருவம் பார்த்துப் போவது. வர வேண்டியதுதான். ஒரு கொடூரம் நடந்த பிறகாவது அரசு விழித்தது. இங்கே மணலியில் சுத்திகரிப்பு ஆலையின் உச்சியில் சுவாலை இரவெல்லாம் எரிகிறது. பிள்ளைகள் நிலாவோடு சேர்த்து அதையும் பார்த்து வளர்கிறார்கள். போதாக்குறைக்கு, கொடுங்கையூரில் நாளொன்றுக்கு 2,100 டன் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் திட்டம். ஊர்க் குப்பையை எல்லாம் நாற்பது வருடமாக முகர்ந்தவர்களுக்கு இனி அதன் புகையும் இலவசம். 2025 மே மாதம் அங்கே மக்கள் கைகோத்து மனிதச் சங்கிலியாக நின்றார்கள். காட்டில் தீக்குச்சி உரசினால் வழக்கு. ஊருக்கு நடுவில் உலை வைத்தால் அதன் பெயர் பசுமை எரிசக்தி.

விலங்குக்குத் தீனி போடாதே என்ற பலகையைச் சீக்கிரம் தாண்டிவிடலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் வந்து பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கி, எண்ணூர்க் கழியை நிரப்பியது. கூழைக்கடாக்கள் கறுத்துப் போய் நின்றன. யாரும் தீனி போடவில்லை. தானாகவே சிறகில் ஒட்டிக்கொண்டது.

அந்த எண்ணெயை யார் அள்ளினார்கள் என்பதுதான் கேவலம். 2017 ஜனவரி 28-ம் தேதி காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. பெரிதாக ஒன்றும் கசியவில்லை என்றார்கள் முதலில். பிறகு கரையெல்லாம் கறுப்புக் களி. கல்லூரிப் பிள்ளைகளும் மீனவர்களும் பிளாஸ்டிக் வாளியில் அள்ளினார்கள். செவ்வாய்க்குக் கலம் அனுப்பிய தேசம் வாளியோடு நின்ற படத்தை உலகமே பார்த்தது. கமிட்டி போட்டார்கள். பாடம் கற்றோம் என்றார்கள். ஏறக்குறைய ஏழு வருடம் கழித்து அடுத்த எண்ணெய் வந்தபோது, கையுறைகூட ஒழுங்காக இல்லாமல் அதே மீனவர்கள் இறங்கினார்கள். வாளியோடு இந்த முறை மக்கும் சேர்ந்திருந்தது. தொழில்நுட்ப வளர்ச்சி.

நிவாரணம் கொடுத்தார்கள், மறுக்கவில்லை. மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய். மற்றக் குடும்பத்துக்கு 7,500. படகு பழுது பார்க்க 10,000. ஒரு ஆற்றின் விலை அன்றைக்கு அதுதான்.

அந்த எண்ணெய் காய்வதற்குள், டிசம்பர் 26 நள்ளிரவு நெருங்கும் நேரம், பெரியகுப்பத்தில் கோரமண்டல் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. தூக்கத்தில் இருந்தவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். பல பேர் ஆஸ்பத்திரியில். ஆலையை மூடச் சொல்லி மாதக்கணக்கில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். 2024-ல் ஆலை மறுபடி திறந்தது. பூங்காவில் சத்தமாகப் பாட்டுப் போட்டால் வெளியே அனுப்புவார்கள். இங்கே வெளியேறியது ஊர்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பலகை. பாதையை விட்டு விலகாதே.

விலகக்கூடாது என்றால் முதலில் பாதை எது, காடு எது, கழி எது என்று ஒரு வரைபடம் வேண்டும். இருந்தது. 1996-ல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த கடலோர வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் கட்டடம் கட்டக்கூடாத பகுதி, 6,500 ஏக்கர். 2017-ல் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது வேறொரு வரைபடம் வந்தது. அதில் கழிமுகத்தைக் காணோம் என்று செயற்பாட்டாளர்கள் போட்டு உடைத்தார்கள். கிணற்றைக் காணோம் என்று போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன வடிவேலுவைப் பார்த்து நாம் விழுந்து விழுந்து சிரித்தோம். அவரிடம் கிணறு வெட்டிய ரசீது இருந்தது. மீனவரிடம் 1996 வரைபடம் இருக்கிறது. இரண்டு இடத்திலும் புகார் எழுதிக்கொள்கிற அதிகாரிக்குத்தான் தலை சுற்றுகிறது.

காட்டில் பாதையை விட்டுப் பத்தடி விலகினவனைக் காட்டிலாகா பிடிக்கும். கழியையே விட்டு விலகின காகிதத்தை யார் பிடிப்பது? 2017 அக்டோபரில் கமல்ஹாசன் வந்து பார்த்தார். கேமராக்களும் கூடவே வந்தன. அதற்கு முன்பே, ஜனவரியில், சாம்பல் படிந்த அந்த நிலத்தில் நின்று பாடகர் டி.எம். கிருஷ்ணா புறம்போக்குப் பாடலைப் பாடினார். மியூசிக் அகாடமிக்குப் போகிறவர்கள்கூடக் கேட்டார்கள், ரசித்தார்கள், பகிர்ந்தார்கள். ராகம் பிரமாதம் என்றார்கள். சாம்பல் அப்படியே இருந்தது.

2024 அக்டோபரில் அரசு ஒரு மலையேற்றத் திட்டம் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள். எளிது, நடுத்தரம், கடினம் என்று தரம் பிரித்து, இணையத்தில் பணம் கட்டி, பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டப் போகலாம். உருப்படியான யோசனை. நம் திருவள்ளூர் மாவட்டத்துக்கும் ஒரு பாதை கிடைத்தது: பூண்டிக்குப் பக்கத்தில் குடியம் குகை. அந்த வட்டாரத்தில், கொசஸ்தலைக் கரையில்தான் அத்திரம்பாக்கம் இருக்கிறது. 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபுட் அங்கே கல்லாயுதங்களைக் கண்டெடுத்தார். பின்னாளைய ஆய்வுகள் அவற்றின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்கின்றன. ஆதிமனிதன் அந்த ஆற்றங்கரையில் இத்தனை காலம் கிடந்து விட்டுப்போன குப்பை, கொஞ்சம் கல். அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கும்பிடுகிறோம். அதே ஆற்றின் கடைசியில் நாம் ஐம்பது வருடத்தில் விட்டுப்போனதை வைக்க எந்த மியூசியத்திலும் இடம் போதாது.

அரசுக்கு ஒரு யோசனை சொல்கிறேன். 41-வது பாதையை எண்ணூரில் போடலாம். எளிது: எர்ணாவூரில் தூண்டில் வளைவுக் கற்கள் மேல் நின்று, கடல் தின்ற தெரு எங்கே இருந்தது என்று தேடுவது. நடுத்தரம்: காட்டுக்குப்பத்திலிருந்து கழிக்குள் இறங்கி, சாம்பலில் செருப்பைத் தொலைக்காமல் கரையேறுவது. கடினம்: இங்கேயே பிறந்து, வளர்ந்து, மீன் பிடித்துப் பிழைப்பது. அதற்கு முன்பதிவு தேவையில்லை. மூச்சுக்கருவியை அவரவர் கொண்டுவர வேண்டும்.

கேலி போதும். காட்டுப்பள்ளிக்கு வருகிறேன்.

எண்ணூருக்கும் பழவேற்காட்டுக்கும் நடுவே, ஒரு பக்கம் கடலும் மறு பக்கம் உப்பங்கழியுமாக ஒடுங்கிக் கிடக்கிற மணல் திட்டு அது. அங்கே எல் அண்ட் டி துறைமுகம் கட்டியது. 2018-ல் அதானி குழுமம் வாங்கியது. 330 ஏக்கர் துறைமுகத்தை 6,111 ஏக்கராக விரிக்க வேண்டும் என்றார்கள். அதில் சுமார் 2,000 ஏக்கர் கடலை மூடி எடுக்கிற நிலம். கிண்டி தேசியப் பூங்காவின் பரப்பு 700 ஏக்கர்கூட வராது. ஒன்பது கிண்டியை அந்தத் துறைமுகத்துக்குள் போடலாம். பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற மணல் அணை அரித்துப்போனால் என்ன ஆகும் என்று மீனவன் கேட்கிறான். அவன் என்ஜினீயரிங் படிக்காதவன். அவன் கேள்விக்குத்தான் இன்றுவரை பதில் இல்லை.

2021 தேர்தலுக்கு முன் எதிர்க்கட்சியாக இருந்தவர்கள் இந்த விரிவாக்கத்தை எதிர்த்தார்கள். நன்றாக எதிர்த்தார்கள். ஆட்சிக்கு வந்தார்கள். 2023 செப்டம்பர் 5-ம் தேதி கருத்துக்கேட்புக் கூட்டம் என்று தேதி குறித்தது அவர்கள் ஆட்சியின் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். பூவைப் பறித்தவனைப் பிடிக்க ஆள் இருக்கிறது. வாக்கைப் பறித்தவனைப் பிடிக்க எந்தப் பூங்காவில் வாட்ச்மேன் இருக்கிறான்?

ஞாயிற்றுக்கிழமை காலை கிண்டியில் நடக்கிறவர்களிடம், அடையாற்றுக் கரையில் பறவை பார்க்கிறவர்களிடம், மலையேறிப் படம் போடுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் ஒழுங்கானவர்கள். பாட்டிலைத் திரும்ப எடுத்து வருகிறவர்கள். சந்தோஷம். ஆனால் உங்கள் ஒழுங்குக்குத் தேவையான மின்சாரமும் பெட்ரோலும் உரமும் எங்கள் ஊரைத் தாண்டித்தான் வருகின்றன. அதன் குப்பையை மட்டும் எங்களிடமே விட்டுவிட்டு வருகின்றன. ஆகவே இதில் உங்களுக்கும் கொஞ்சம் டெபாசிட் பாக்கி இருக்கிறது.

காட்டுப்பள்ளிக் கருத்துக்கேட்பை முதலில் 2021 ஜனவரி 22-க்கு வைத்தார்கள். எதிர்ப்பு வந்தது, ஒத்திவைத்தார்கள். 2023 செப்டம்பர் 5-க்கு வைத்தார்கள். எதிர்ப்பு வந்தது, மறுபடி ஒத்திவைத்தார்கள். இரண்டு முறையும் ரத்து செய்யவில்லை. அடுத்த தேதி குறிக்கிற அன்று குப்பத்துக்காரர்களை மட்டும் போலீஸ் வேனுக்கு எதிரே தனியாக நிறுத்திவிடாதீர்கள். சென்ட்ரலிலிருந்து மீஞ்சூருக்கு மின்சார ரயில் இருக்கிறது. வாருங்கள்.